ஜிப்ஸியா, ஜிம்னியா: ஆஃப்-ரோடுக்கு வண்டி கட்ட எதை எடுப்பது?

மாருதியின் பழைய ஜிப்ஸி கிங் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து கட்டுவதா, ஷோரூமில் அதே மாருதியின் புது ஜிம்னியை எடுத்து அதன்மேல் செலவு செய்வதா? சின்ன, எடை குறைந்த வண்டியில் காடு மேடு சுற்ற நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நான் எடுத்தது எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் வைத்த ஜிப்ஸி. இன்று திரும்ப வாங்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்துகிற முடிவு இல்லை.

மஹிந்திராவின் தார் வண்டியை இதில் சேர்க்கவில்லை. 2020-இல் வந்த தார் திறமான வண்டி. 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத டார்க், பின் ஆக்சிலில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலவைக்கும் மெக்கானிக்கல் லாக்கர் எல்லாம் உண்டு. ஆனால் முன்பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், எடையும் ஜிப்ஸியைவிட அரை டன்னுக்கு மேல் கூடுதல். அது வேறு வகை வண்டி, வேறு பட்ஜெட்.

ஜிப்ஸியும் ஜிம்னியும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் லேடர் சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், கையால் போடும் 4எல் (நான்கு சக்கர லோ கியர்) லீவர், வீலுக்கு 5 போல்ட், 139.7 மி.மீ. பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம்). கிரவுண்ட் கிளியரன்ஸ் இரண்டிலும் 210 மி.மீ. ஜிப்ஸியில் 1,298 சிசி, 80 குதிரைத்திறன், லீஃப் ஸ்பிரிங், ஏறத்தாழ ஒரு டன் எடை. ஜிம்னியில் 1,462 சிசி, 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க், காயில் ஸ்பிரிங், 1,200 கிலோ எடை. ஏசி, பவர் ஸ்டீயரிங், 6 ஏர்பேக், ஏபிஎஸ், நெடுஞ்சாலையில் 100-இல் நிம்மதியாகப் போவது ஆகிய எல்லாவற்றிலும் ஜிம்னிதான் மேல். அதில் விவாதமே இல்லை.

பாதையில் ஜிம்னிக்கு ஒரு பெரிய பலமும் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. பலம், பிரேக் எல்எஸ்டி. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதை மட்டும் பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளிவிடும். ஜிப்ஸியில் இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் இரண்டு டிஃபரன்ஷியலும் ஓப்பன்; சுலபமாகச் சுழலும் சக்கரத்துக்கே இழுவை போய்விடும். மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் தூக்கினால் அங்கேயே நின்றுவிடும். பலவீனம், வீல்பேஸ். இங்கே விற்பது ஐந்து கதவு ஜிம்னி, 2,590 மி.மீ.; ஜிப்ஸி 2,375. இந்த 215 மி.மீ. வித்தியாசம் ஒரு உயரமான வரப்பையோ ஓடைக்கரையையோ தாண்டும்போது அடிவயிற்றில் தெரியும். ஜிம்னியின் பிரேக்-ஓவர் கோணம் 24 டிகிரிதான். முன்சக்கரம் இறங்கியதும் நடு சேஸிஸ் மண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

இவை எல்லாம் டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி ஓரளவு சரிக்கட்டக்கூடியவை. என்னை ஜிப்ஸி பக்கம் சாய்த்தது ஒரே ஒரு விஷயம்: சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கிவிட்டு வந்த மறுநாள் வண்டிக்கு என்ன வேலை இருக்கிறது, அதை யார் செய்ய முடியும் என்பது.

முன் ஆக்சிலின் இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளை எடுத்துக்கொள்வோம். ஜிப்ஸி, ஜிம்னி இரண்டிலும் வடிவமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக்சில் குழாயின் முனையில் ஒரு இரும்பு உருண்டை, அதைச் சுற்றி நக்கிள், மேலும் கீழும் கிங்பின் பேரிங், உள்ளே கிரீஸில் ஊறும் சிவி ஜாயிண்ட், பின்பக்கம் ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த வைப்பர் சீல். சேறு காய்ந்தால் மணல்தாளாகி அந்தச் சீலைத் தின்னும். சீல் போனால் தண்ணீர் உள்ளே போய்க் கிங்பின் பேரிங் துருப்பிடிக்கும், பிடிப்பு தளரும். 60, 70 வேகத்தில் ஒரு சின்னக் குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் வெறிபிடித்த மாதிரி ஆடத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பலரும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றிவிட்டு ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். டேம்பர் மறைக்கும், குணப்படுத்தாது.

ஜிப்ஸியில் சரிசெய்யும் முறை இது. சக்கரம், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிட்டு, வைப்பர் சீலைப் பிரித்து, டை ராட் கழற்றிய துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். நக்கிள் அசையத் தொடங்க 1 முதல் 1.8 கிலோ இழுவை வேண்டும். அதற்குக் குறைவாக வந்தால் கிங்பின்னுக்கு அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுத்தால் பிடிப்பு கூடும். பேரிங் கப்பில் உருளை பதிந்த தடம் விரலுக்குத் தட்டுப்பட்டால் ஷிம் வேலைக்கு ஆகாது, பேரிங்கையே மாற்ற வேண்டும். ஆக்சில் குழாயின் உள் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, கறுப்புக் குழம்பாக டயர்மேல் வடியும். வைப்பர் சீல் மட்டும் மாற்றுவதென்றால் புதுச் சீலைச் சாய்வாக ஒரு இடத்தில் வெட்டி, வெட்டு மேலே வரும்படி மாட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. அவசரத்துக்குச் சரி, தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

இதே வேலை ஜிம்னிக்கும் வரும். ஆனால் அங்கே கூடவே இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவது, 4 வீல் போடும்போது முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப். ஜிப்ஸியில் இறங்கிப்போய்க் கையால் ‘லாக்’குக்குத் திருப்ப வேண்டும்; அழுக்கானால் ஆறு போல்ட்டைக் கழற்றித் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் தடவி மாட்டிவிடலாம். ஜிம்னியின் ஹப் இன்ஜின் வாக்யூமில் வேலை செய்கிறது. நக்கிள்வரை வரும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒரு குச்சியில் மாட்டிப் பிய்ந்தாலோ, உள்சீல் காற்று விட்டாலோ, 4 வீல் விளக்கு மினுக்கும், முன்சக்கரம் இழுக்காது. இரண்டாவது, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வேக சென்சார். அந்த வயர் அறுந்தால் ஏபிஎஸ், இஎஸ்பி, பிரேக் எல்எஸ்டி மூன்றும் ஒன்றாக ஓய்ந்துவிடும். ஜிம்னியை ஜிப்ஸிக்கு மேலே தூக்கிவைத்த அந்த ஒரு வசதி, சேற்றில் உரசிக்கொண்டு போகும் ஒரு வயரை நம்பி இருக்கிறது. ஹப்புக்கு மாற்று உண்டு: கையால் திருப்பும் ஹப்பைப் போட்டு வாக்யூம் குழாய்களை அடைத்துவிடலாம். சென்சாருக்கு அப்படி ஒரு வழி இல்லை. வயரைப் பாதுகாப்பாகக் கட்டி, ஸ்கேனர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்வதுதான் முடியும்.

தண்ணீரில் இறங்கி வந்தபின் செய்வது இரண்டுக்கும் பொது. சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் சட்டெனக் குளிர்ந்ததும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி கட்டும்போது முதல் வேலையாக ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) பிரீதர்களை ஹோஸ் போட்டு பானெட்டுக்குள் மேலே ஏற்றிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். ஒரு இரவு நிற்கவைத்துவிட்டுக் காலையில் டிரெயின் போல்ட்டை இளக்கினால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஓட்டிய உடனே திறந்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வரும். ஆயிலை மாற்ற ஜிப்ஸிக்கு முன் டிஃபரன்ஷியலில் 2 லிட்டர், பின்னால் 1.5, டிரான்ஸ்ஃபர் கேஸில் 0.8 லிட்டர், மொத்தமே 5 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

உதிரிபாகம் என்று வரும்போது பலர் ஜிப்ஸியைப் பார்த்துத் தயங்குகிறார்கள். 2018 இறுதியில் முன்பதிவை நிறுத்திவிட்டார்கள், இனி என்ன கிடைக்கும் என்ற பயம். ஆனால் இன்ஜின் மாருதியின் எஸ்டீம் காரோடு உறவுள்ளது. சீல், பேரிங், கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பு), கிளட்ச் தட்டு எல்லாம் பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் ஹவுசிங் மாதிரி பெரிய சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் தேட வேண்டியிருக்கும். ஜிம்னியின் கே15பி இன்ஜின் எர்டிகா, சியாஸிலும் வந்தது, ஆகவே இன்ஜின் சாமானுக்குக் கவலையே இல்லை. ஆக்சில் சாமான் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியவை. ஜிம்னி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2023 ஜூனில். பத்து வருடம் சேற்றில் அடிபட்டபின் அதன் வயரிங் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு இங்கே வண்டிகளுக்கு வயதாகவில்லை. ஆட்டோமேட்டிக் ஜிம்னியைப் பற்றி நான் இங்கே தீர்ப்பு சொல்லவில்லை; நான் ஒப்பிடுவது மேனுவலை மட்டும்.

இனி, ஜிப்ஸியை எப்படிக் கட்டுவது? வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் பின் ஷாக்கிளின் தாங்கிகள், பாடி மவுண்ட் இருக்கும் இடங்கள், மிதியடிக்கு அடியில் தரைத்தகடு, விண்ட்ஷீல்ட் ஃபிரேமின் கீழ் மூலைகள் ஆகியவற்றைத் தட்டுங்கள். ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே துரு. கதவையும் தரைத்தகட்டையும் டிங்கர் வேலையில் மீட்கலாம். சேஸிஸ் அரித்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வண்டியின் உயரத்தைத் தூக்குவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஜிப்ஸியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு அடியில் இருக்கிறது. அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றினால் ஒரே அடியில் 5 அங்குலத்துக்கு மேல் உயரும், பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். ஆனால் டிராக் லிங்க், பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஏற்றத்தில் முறுக்கும்போது பின் ஆக்சில் திருகிக்கொண்டு ஸ்பிரிங் ‘எஸ்’ வடிவத்தில் வளையும், கிராஸ் உடையும். நீள ஷாக்கிள் போடுவதும் ஏமாற்று வேலை: 2 அங்குலம் நீட்டினால் கிடைப்பது 1 அங்குலம், ஜிப்ஸியின் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருப்பதால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நேர்ச்சாலையில் வண்டி அலையும். புது ஸ்பிரிங் கட்டில் 2 அங்குலம் மட்டும் ஏற்றி, அதற்குத் தக்க நீளத்தில் ஷாக் போடுவதே என் தேர்வு.

டயரில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15-இன் விட்டம் 668 மி.மீ. 215/75 போட்டால் 703, 235/75 போட்டால் 733. 235 போட்டால் ஆக்சில் 3 செ.மீ.க்கு மேல் உயரும், ஆனால் கியர் விகிதம் கிட்டத்தட்ட 10 சதவீதம் நீண்டுவிடும். 80 குதிரைத்திறனில் அது நன்றாகவே உறைக்கும். முதல் கியர் 4எல்-இல் கூட கிளட்ச்சை அரைத்துப் பாறை ஏற வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4.16 விகித கியர் செட் வெளிநாட்டில் கிடைக்கிறது. வரவழைக்க முடிந்தால் அதன் பிறகு 235 போடலாம். இல்லையென்றால் 215/75 மட் டயரோடு நிறுத்தி, சேற்றில் 16 பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்குங்கள். இந்த எடைக்கு அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். ஜிம்னியின் 195/80 ஆர்15 ஏற்கெனவே 693 மி.மீ. இருப்பதால் 215/75 அதில் தூக்காமலே உட்காரும்.

அடுத்த செலவு பின் ஆக்சில் லாக்கர். ஓப்பன் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து அடைப்பதைத் தவிருங்கள். தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் டயர் இழுபடும், ஆக்சில் ஷாஃப்ட் ஒரு நாள் முறியும். மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் வண்டியின் முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுத்தால் போதும். ஜிப்ஸிக்கு 6,000 பவுண்டு தாராளம். அதைவிடப் பெரியது மூக்கில் பாரம். ரோல் கேஜ் சாஃப்ட் டாப்புக்குக் கட்டாயம். கேஜின் கால்கள் சேஸிஸைப் பிடிக்க வேண்டும். வெறும் தரைத்தகட்டில் நட்டால் கவிழும்போது தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும்.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இது இரண்டு வண்டிக்கும் பொது. ஆனால் ஜிப்ஸி வாங்குகிறவர்கள் கூடுதலாக ஆர்சியைப் படிக்க வேண்டும். ஹார்ட் டாப்பாகப் பதிவான வண்டியை யாரோ வெட்டி சாஃப்ட் டாப் ஆக்கியிருப்பார்கள். டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டிக்குக் காகிதம் பாதியில் நிற்கும். 15 வருடம் தாண்டியதற்கு எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போதுதான் இவை வெளியே வரும். ஆர்சியில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண், பாடி வகை மூன்றும் வண்டியோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வீட்டில் ஒரே வண்டிதான், வார நாளில் ஆபீஸ், லீவில் குடும்பத்தோடு ஊட்டி, எப்போதாவது காட்டுப்பாதை என்றால் ஜிம்னி மேனுவலை எடுங்கள்; ஏர்பேக் இல்லாத ஜிப்ஸியில் குழந்தைகளை நெடுஞ்சாலையில் கூட்டிப் போகச் சொல்லமாட்டேன். எடுத்ததும் 215/75 டயர், பிரீதர் ஹோஸ், வயிற்றுக்கு ஸ்கிட் பிளேட் மூன்றையும் போடுங்கள். வீல்பேஸ் நீளம் என்பதால் ஸ்கிட் பிளேட்தான் முதலில் அடிவாங்கும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, ஸ்பானர் பிடிக்க ஆசையும், கார் நிறுத்தி அடியில் படுக்க ஒரு இடமும் இருந்தால், சேஸிஸ் சுத்தமான ஜிப்ஸி கிடைக்கும்வரை காத்திருங்கள்.