வால்வை நனைக்காத பெட்ரோல்: டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரோடு சில ஆண்டுகள்

என்னிடம் இருக்கும் அதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பன் கேட்கிறான். விலை நன்றாக இறங்கியிருக்கிறதாம். அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கழற்றி, வால்வுகளைச் சுத்தம் செய்து, வண்டியை இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகை. இழுவையில் குறையே சொல்ல முடியாது, நெடுஞ்சாலையில் மைலேஜும் நன்றாகவே தருகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. குளிர்ந்த இன்ஜினில் ஆக்சிலரேட்டரைத் தொட்ட உடனே வண்டி கிளம்பும். ஒரு திக்கல், ஒரு தயக்கம் இருக்காது.

பழைய வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கார்புரேட்டரானாலும் போர்ட் இன்ஜெக்‌ஷனானாலும் பெட்ரோல் வால்வுக்கு வெளியிலேயே, சிலிண்டருக்குப் போகும் வழியிலேயே, காற்றோடு சேர்கிறது. முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. ஒரு பகுதி மேனிஃபோல்டின் சுவரிலும் வால்வின் முதுகிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்று வழியின் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே. அந்த வெற்றிடத்தில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று திமுதிமுவென்று உள்ளே வந்து அழுத்தம் ஏறும், ஆவியாவது குறையும். தெளித்த பெட்ரோலில் கணிசமான பங்கு சுவரிலேயே தங்கிவிட, சிலிண்டருக்குப் போவது வெறும் காற்று மிகுந்த கலவை. அந்த ஒரு நொடித் திக்கல் அங்கிருந்துதான் வருகிறது. காலை எடுத்தால் இதற்கு நேர்மாறு: வெற்றிடம் திரும்ப, சுவரில் இருந்தது மொத்தமாக ஆவியாகி, கலவை கனத்துவிடும்.

இதைச் சமாளிக்க எவ்வளவோ செய்தார்கள். கார்புரேட்டரில் மிதிக்கும்போது கூடுதலாகப் பீய்ச்ச ஒரு சின்ன பம்ப். மேனிஃபோல்டின் அடியைச் சூடாக்க எக்ஸாஸ்ட் வெப்பமோ கூலன்ட்டோ. 1981-இல் அக்வினோ என்ற பொறியாளர் இதை இரண்டே எண்களுக்குள் கொண்டுவந்தார்: தெளித்ததில் எவ்வளவு சுவரில் ஒட்டுகிறது, ஒட்டியது எவ்வளவு நேரத்தில் ஆவியாகிறது. போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் இன்றைக்கும் இந்த வழியில்தான் கணக்குப் போட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இந்தத் தலைவலியே இல்லை. இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே, போர்ட் இன்ஜெக்‌ஷனைப் போல மூன்று நான்கு பாரில் அல்லாமல், நூறு இருநூறு பார் அழுத்தத்தில் அடிக்கிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). உள்ளே ஆவியாகும்போது அங்கிருக்கும் காற்றையே குளிர வைக்கிறது. நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகவே வெடிப்பது, குறைகிறது; கலவையை இன்னும் இறுக்கி அழுத்த, கம்ப்ரெஷனை உயர்த்த முடிகிறது. மேனிஃபோல்டில் போவது காற்று மட்டும்தான்.

மட்டும்தானா? அங்கேதான் என் வயிற்றெரிச்சல்.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு அதற்கென்றே இருக்கும் பிசிவி குழாய் வழியாக இன்டேக்குக்கே திரும்புகிறது. வெளியே விட்டால் காற்று மாசு என்பதால் அப்படி. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் சில கணங்களில் எரிந்த வாயுவும் கொஞ்சம் பின்னால் தள்ளி வரும். இந்த ஆயிலும் கரியும் சூடான இன்டேக் வால்வின் மேல் படிந்து வெந்து இறுகுகின்றன. போர்ட் இன்ஜெக்‌ஷனில் டிடர்ஜென்ட் கலந்த பெட்ரோல் அந்த இடத்தை ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும். நாம் குறை சொன்ன அந்த ஈரப் படலம் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை அது. இங்கே கழுவ ஆளில்லை.

என் வண்டியில் இது காலை ஸ்டார்ட்டில்தான் தெரிந்தது. ஸ்டார்ட் ஆனதும் ஸ்டீயரிங் வரைக்கும் உதறல், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அப்புறம் இன்ஜின் விளக்கு எரிந்து பி0300 கோட் வந்தது. ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியாமல் போவது. பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார் மெக்கானிக். வால்வின் தண்டு தெரியவில்லை. அதைச் சுற்றிக் கரடுமுரடாகக் கறுப்புப் பொருக்கு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மேலே பொடியாக உதிர்ந்தது, அடியில் தார் போலப் பிசுபிசுத்தது. இதைத் தாண்டிக் காற்று எப்படி நான்கு சிலிண்டருக்கும் ஒரே சீராகப் போகும்? கிராங்கைத் திருப்பி அந்தந்த சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும்படி நிறுத்தி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, இன்னொரு குழாயால் உறிஞ்சி எடுத்தார். உலோகத்தின் நிறம் வெளியே வந்தபோது அவ்வளவு நிம்மதி. உதறல் அடியோடு போய்விட்டது.

எனக்கு ஆற்றாமையெல்லாம் இதுதான்: டேங்கில் ஊற்று, வால்வு பளபளக்கும் என்று ஒரு பாட்டிலை என் தலையில் கட்டினார்களே, அந்தப் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை! சர்வீஸ் அட்டவணையிலும் இந்த வேலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. தீர்வு தெரியாத காலமும் இல்லை. டொயோட்டா 2005-லேயே டி-4எஸ் என்று, ஒரே இன்ஜினில் டைரக்ட், போர்ட் என இரண்டு வகை இன்ஜெக்டரையும் வைத்துவிட்டது. நியாயமாகச் சொன்னால் எல்லா டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினும் இதே அளவு கரி சேர்ப்பதில்லை. ஆயில் ஆவியை நன்றாகப் பிரித்தெடுக்கும் வடிவமைப்புகள் வந்திருக்கின்றன. என் இன்ஜின் அந்த வகை இல்லை, அவ்வளவுதான்.

நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். மேலே சொன்ன புகழ்ச்சியில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை, இன்று காலைகூட அது ஓடிய விதம் அருமை. ஆனாலும் வேண்டாம். இரண்டு வகை இன்ஜெக்டரும் உள்ள வண்டியாகப் பார், இல்லையென்றால் சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷனே போதும்.

அதையும் மீறி வாங்குவதென்றால், பார்க்கப் போகிற அன்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல். சூடான இன்ஜின் இந்தக் குறையைக் காட்டாது. முதல் ஸ்டார்ட்டில் ஐடில் எப்படி நிற்கிறது என்று கவனி. ஓனர் ஒத்துக்கொண்டால் போரோஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டு வால்வைப் பார்த்துவிடு. ஒத்துக்கொள்ளாவிட்டால், மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவை முதலிலேயே விலையில் கழித்துக்கொண்டு பேசு.