வயது ஏறும் குடும்பம்: லின் ஜோன்ஸ்டனின் முழுத்தொகுப்பு, முதலாம் தொகுதி

பத்திரிகைச் சித்திரத் தொடர்களில் பிள்ளைகள் வளர்வது குறைவு. முப்பது வருடம் போனாலும் அதே களிசான், அதே பள்ளிக்கூடப் பை. கனடாக்காரி லின் ஜோன்ஸ்டன் கீறிய ‘ஃபோர் பெட்டர் ஓர் ஃபோர் வேர்ஸ்’ வேறு மாதிரி. 1979 செப்டெம்பரில் தொடங்கும்போது மைக்கல் சின்னப் பொடியன், எலிசபெத் நடை பழகும் பிள்ளை. 2008 ஓகஸ்டில் கதை முடியும்போது மைக்கல் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எலிசபெத்துக்குக் கலியாணம்.

ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் 2017இல் கெட்டி அட்டையில் போட்ட முதலாம் தொகுதி 1979 முதல் 1982 வரை போகிறது. தாய் எல்லியின் களைப்பும் உடுப்புத் தோய்க்கும் சண்டையும்தான் இதில் அதிகம். பகிடி சில இடங்களில் சப்பென்று இருக்கும். அதற்காக இதைத் தாண்டி நடுத்தொகுதி ஒன்றை வாங்குவது பிழை. 1995இல் ஆற்றில் விழுந்த கடைசி மகள் ஏப்ரலைக் காப்பாற்றிவிட்டு ஃபார்லி நாய் சாகிற கிழமை, அந்த நாயோடு பல வருடம் பழகியவருக்குத்தான் நெஞ்சில் ஏறும். 1993இல் தான் தன்பாலீர்ப்பாளன் என்று லோரன்ஸ் சொல்வதும் அப்படியே. சிறு வயதிலிருந்து மைக்கலின் கூட்டாளி அவன். அந்தக் கட்டத்தைப் போட மறுத்த பத்திரிகைகளும் உண்டு.

பனிச்சப்பாத்து, ஐஸ் ஹொக்கிப் பகிடிகள் மட்டக்களப்பில் எடுபடாது. கடைசி வருடங்களில் எல்லியும் கணவன் ஜோனும் வீட்டை மகன் குடும்பத்துக்கு விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போவார்கள். மகளுக்கு வீடு கொடுத்துவிட்டு வளவுக்குள்ளேயே ஒதுங்கும் நம் ஊர்த் தாய்தகப்பனுக்கு, விற்றதையும் மகனுக்கு விற்றதையும் விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பத்திரிகை நறுக்குச் சேர்ப்பவர்கள் கவனிக்க: 2008 செப்டெம்பரிலிருந்து கதை பழையபடி தொடக்கத்துக்குப் போனது. முதல் இரண்டு வருடம் அளவில் பழையதோடு புதிதாகக் கீறியதும் கலந்து வந்தது. அந்த நறுக்குகளை 1979 வரிசைக்குள் ஒட்டினால் எல்லாம் குழம்பும்.

புத்தகம் பாரமானது. ஓடர் போடமுன் அனுப்புக்கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நிறுத்தி வைத்தால் நாளடைவில் தாள்க்கட்டு அட்டையை விட்டுத் தொங்கும். படுக்கவைத்து, மேலே ஒன்றிரண்டுக்கு மேல் அடுக்காமல் விடுங்கள். வாவிக்கரை வீடுகளில் மாரி தொடங்கமுன் வெளிச்சுவர் ராக்கையிலிருந்து எடுத்துவிடவேண்டும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணி போதும். தாளரிக்கும் இராமபாணத்துக்குப் பூச்சி உருண்டையைத் தாளில் முட்டாமல் பக்கத்தில் வையுங்கள்.