10,000 லக்ஸ் விளக்கு: சாரல் மாதத்துக்கு மட்டும்

தூக்கத்தைச் சீராக்கக் காலையில் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கும் இந்த விளக்கின் பெட்டியில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் முகம் விளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. அப்பாவின் நாற்காலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து போனில் லக்ஸ் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். பகல் ராத்திரியைப் பிரித்துச் சொல்லும் கடிகாரம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குள் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது, இந்த நோயில் அதுவும் சேர்ந்து தேய்கிறது. அதைத் தினமும் சரிசெய்வது கண்ணுக்குள் போகும் காலை வெளிச்சம். செங்கோட்டையில் சாரல் காலத்தில் பத்து மணிக்கும் வீட்டுக்குள் டியூப்லைட்தான். பகலெல்லாம் தூங்கி வழிவார், பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போவோம்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்புவார், நடுராத்திரி தாழ்ப்பாளை எடுத்து "புனலூர் லோடு வந்தாச்சா" என்பார், லாரி புக்கிங் ஆபீஸை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது.

சரி, பலன் உண்டா? காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்வாக வைத்து அரை மணி நேரம் போடுகிறோம். பகல் தூக்கம் குறைந்தது. ராத்திரி எழுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இப்படித்தான், சிலதில் பலன், சிலதில் இல்லை. ஞாபகம் திரும்பும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பது வடிகட்டிய பொய். ராத்திரி நேரத்தில் போட்டுவிடாதீர்கள், தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். கண்ணில் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கரண்ட் போய் வந்தால் டைமர் அழிந்துவிடுகிறது. புளியரைப் பக்கம் மழை நேரத்தில் கரண்ட் படும் பாடு தெரிந்தவர் எவரும் இதைச் செய்திருக்க மாட்டார். ஒயரும் குட்டை. அணைத்த பிறகும் பொத்தானில் ஒரு நீல வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கிறது, தூக்கத்துக்காக விற்கிற சாமானில்! கருப்பு டேப் ஒட்டிவிட்டோம்.

எதிர்வீட்டு மாமாவுக்கு பார்க்கின்சன் என்ற நடுக்க நோய், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கையையும் காலையும் வீசுகிறார், அத்தை இதை வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கனவு வரும் தூக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் தளராததால் வருவது அது, பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிடும். அதற்கு நரம்பு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வெயில் மாதங்களில் திண்ணையே போதும், லேசான மேகமூட்டத்தில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். சாரல் காற்றில் அவரை அங்கே உட்கார வைக்க முடியாது என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விளக்கு, அப்புறம் பரண். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.