கொம்பு இடம் மாறிய 52 நாள்: எங்கள் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரைப் பற்றி

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் நானும் தம்பியும் டிடிபி கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் எல்லாம் உண்டு. டிசைன் கோரல்டிராவில் செய்வோம், தமிழ் அடிக்க ஒரு டைப்பிங் சாஃப்ட்வேர், வருடச் சந்தா 2,800 ரூபாய். மூன்று வருடமாகக் கட்டுகிறேன். ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் கொடுக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபாண்டுகள் அழகு. தலைப்புக்குப் போடும் தடித்த எழுத்தில் ழகரத்தின் சுழி அவ்வளவு லட்சணமாக வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் வரும் மேட்டர் எல்லா மெஷினும் படிக்கிற பொது முறையான யூனிகோடில் இருக்கும், எங்கள் பழைய ஃபைல்கள் எல்லாம் யூனிகோடு இல்லாத பழைய ஃபாண்டில் இருக்கும், ஒன்றை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர் பிழை இல்லாமல் வேலை செய்யும். விண்டோஸிலேயே தமிழ்99 கீபோர்டு இலவசமாக இருந்தும் நாங்கள் காசு கட்டுவது இதற்காகத்தான்.

சரி, நடந்தது இது. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். எங்கள் கடையில் ஒரு நாளைக்கு இருபது பேராவது பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், எதில் என்ன வைரஸ் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் பாதுகாப்பு இல்லாத மெஷினில் வேலை பார்க்க எனக்குப் பயம். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, ஐப்பசிப் பத்திரிகை வேலை குவிவதற்கு முன் மாற்றிவிடலாம் என்று அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து விண்டோஸ் 11-க்கு மாறினோம். கோரல்டிரா திறந்தது, பிரிண்டர் ஓடியது, நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

திங்கள் காலை முதல் பத்திரிகை. தம்பி ‘திருவளர்ச்செல்வன்’ என்று அடிக்கிறான், கொம்பு சகரத்துக்கு முன்னால் வந்து உட்காராமல் பின்னால் போய் விழுகிறது. தமிழ்99 முறையில் ச அடித்து அப்புறம் எ அடிப்போம். அந்தக் கொம்பை எடுத்து சகரத்தின் இடது பக்கம் வைக்க வேண்டியது சாஃப்ட்வேரின் வேலை, பழைய ஃபாண்டில் அதை வேறு யாரும் செய்து தர மாட்டார்கள். அந்த வேலை நின்றுபோயிருந்தது. சகரம் தனியாக நிற்க, கொம்பு அடுத்து வரும் லகரத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: மேலூர், சோழவந்தான், செக்கானூரணி, கொட்டாம்பட்டி, பேரையூர். எல்லாம் கொம்பில் ஆரம்பிக்கிற ஊர். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று ஒரு பத்திரிகையில் ஐம்பது அறுபது பெயர் வரும், ஒவ்வொரு கொம்பையும் கையால் வெட்டி முன்னால் ஒட்டினோம். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. புரூஃப் பார்க்க வந்த சோழவந்தான் பெரியவர் விரலை வைத்துக் காட்டினார். “தாயி, எங்க அண்ணன் பேரு பெரியகருப்பன். இதுல என்னமோ மாதிரில்ல இருக்கு?” அவர் கோபப்படவில்லை. ஆனால் பெயர் தப்பாக அச்சாகிப் போயிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கம்பெனிக்கு அன்றே போன் போட்டேன். ரொம்ப மரியாதையான பையன், “அக்கா, ஒரு வாரத்துல அப்டேட் வந்துரும், அதுவரைக்கும் கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணிக்கங்க” என்றான். மெமரி இன்டெக்ரிட்டி விண்டோஸிலேயே இருக்கும் ஒரு பாதுகாப்பு வசதி. சந்தேகமான பழைய டிரைவர்களை (கீபோர்டு, பிரிண்டர் மாதிரியானவற்றை விண்டோஸோடு இணைக்கும் சின்ன புரோகிராம்கள்) உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை, இவர்களுடைய கீபோர்டு டிரைவர் அந்தப் பழைய ரகமாம், அதனால் அது தடுக்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்று மாறிய மெஷினில் பாதுகாப்பை அணைக்க எனக்கு மனசு வரவில்லை, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இங்கேதான் எனக்கு ஆறாத கோபம். விண்டோஸ் 11-க்கு மாறினால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிக்கொள்ள வழி இருக்கிறது. பத்து நாள் தாண்டினால் பழைய விண்டோஸின் ஃபைல்களை அதுவே அழித்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். முதல் நாளே “இரண்டு மாதம் ஆகும்” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன். ஒரு வாரம் என்று நம்பி இருந்தேன். எட்டாம் நாள் கேட்டபோதும் “டெஸ்டிங்ல இருக்குக்கா” என்றார்கள். பத்து நாள் போய்விட்டது. தீபாவளி போய்விட்டது. அப்டேட் வந்தது நவம்பர் 26, நாங்கள் மாறி 52-வது நாள்.

புது விண்டோஸ் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அவசரப்படாதீர்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. நாங்கள் மாறிய நாளுக்குச் சரியாக நான்கு வருடம் முன்னால். ஒவ்வொரு புது வெர்ஷனும் பொதுமக்களுக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே சோதித்துப் பார்க்கக் கிடைக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது மூலையில் கிடந்த பழைய சிஸ்டம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் அதை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியாமல் விட்டிருந்தோம். அதில் இதே கம்பெனியின் பழைய வெர்ஷன், ஒரே தடவை காசு கொடுத்து டாங்கிளோடு (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சின்னச் சாவி) அப்பா வாங்கியது, இன்னும் கொம்பை ஒழுங்காக முன்னால் வைக்கிறது. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஐப்பசி வேலை முழுவதையும் அதில்தான் முடித்தோம். புது ஃபாண்டுகள் அதில் கிடையாது, அந்தத் தடித்த எழுத்து வேண்டும் என்று கேட்ட மூன்று பேரை வேறு கடைக்கு அனுப்பினேன். அப்பா காலத்தில் டாங்கிள்காரர்கள் அப்டேட் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, நாமும் எதிர்பார்க்கவில்லை. சந்தாவுக்கு மாறச் சொன்னபோது இவர்கள் சொன்ன காரணமே “விண்டோஸ் மாறினாலும் கவலை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்பதுதான். நான் 2,800 கட்டுவது அந்த ஒரு வாக்குக்கு.

இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருக்கிறது, கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. 52 நாளைச் சந்தாவில் சேர்த்துக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன், பதில் இல்லை.

டிடிபி வைத்திருப்பவர்கள் இன்னும் விண்டோஸ் 10-ல் இருந்தால், பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம், அவசரம் வேண்டாம். மாறுவதாக இருந்தால் முதல் நாளே பழைய ஃபாண்டில் ‘கொட்டாம்பட்டி’ என்று அடித்துப் பாருங்கள். வராவிட்டால் யார் என்ன சொன்னாலும் அந்தப் பத்து நாளுக்குள் திரும்பிவிடுங்கள். எங்களுக்குச் சந்தா தை மாதம் முடிகிறது. 52 நாளுக்குப் பதில் வந்த பிறகுதான் கட்டுவேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.