அலுவலகக் கணினியில் கேம் விளையாட: கூடுதல் ரேமா, சின்ன கார்டா, செகண்ட் ஹேண்ட் பெரிய கார்டா?

சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் கணினிகள் அடுக்கடுக்காக விற்பனைக்கு இருக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் உள்ள ஒன்றை வாங்கினால் ஆறு கோர்கள் கிடைக்கின்றன, விண்டோஸ் 11 முறையாக ஏறுகிறது, படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் எந்தக் குறையும் இருப்பதில்லை. கேம் விளையாட உட்காரும்போதுதான் ப்ராசஸருக்குள்ளேயே அடங்கிய அதன் யுஎச்டி 630 கிராபிக்ஸ் கையை விரித்துவிடுகிறது. வாலரண்ட் போன்ற இலகுவான கேம் குறைந்த செட்டிங்கில் ஓடும். ஜிடிஏ 5-ஐ 1080பி-யில் நிறைவாக விளையாட முடியாது. அக்கா மகனுக்காக ஐ5-8500 ப்ராசஸர் கொண்ட இப்படியொரு டவர் கணினியை வாங்கியபோது, அதன் கிராபிக்ஸ் திறனைக் கூட்ட என்னென்ன வழிகள் உண்டு என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். கடைசியில் பொருத்தியது ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகையை. அந்த முடிவின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்; மற்ற வழிகள் யாருக்குப் பொருந்தும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

செலவே இல்லாத வழிகளைப் பலரும் அறிவார்கள். ரெசல்யூஷனை 900பி-க்கு இறக்குவது, நிழல்களைக் குறைப்பது, கேமில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் முறை) வசதி இருந்தால் அதை இயக்குவது, டிரைவரைப் புதுப்பிப்பது ஆகிய இவற்றைச் செய்து பார்க்காமல் பணத்தை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது ரேம். கழித்துவிட்ட கணினிகள் பெரும்பாலும் ஒற்றை 8 ஜிபி ரேமோடுதான் கைக்கு வருகின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸுக்கும் அதே ரேம்தான் நினைவகம் என்பதால், ஒற்றை ரேம் என்பது கொள்ளளவுக் குறையோடு வேகக் குறையும் ஆகிறது. டிடிஆர்4-2666 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 21.3 ஜிபி தரவு நகரும். அதே வேகத்தில் இரண்டாவது ரேமைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்து, இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் தரவு நகர்த்தும் டூயல் சேனலாக்கினால் அது 42.6 ஜிபி ஆகிறது. ரைசன் 5 5600ஜி போன்ற, வேகா கிராபிக்ஸ் உள்ளடங்கிய ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே கேமின் போக்கை மாற்றிவிடும். அவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு, கார்டைப் பற்றிப் பிறகு யோசிப்பது நல்லது. யுஎச்டி 630-இல் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் அந்த கிராபிக்ஸ் பிரிவே சிறியது. ரேமை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது ஓரளவுக்கு மேல் எழும்பாது. ஆனாலும் 8-ஐ 16 ஜிபி ஆக்குவதை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன். கார்டு போட்ட பிறகும், திடீர் திடீரென்று திரை நின்று நின்று நகரும் தொல்லையைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், புதியதைவிட, இந்தப் பழைய கணினிகளிலிருந்தே கழற்றி விற்கப்படும் 8 ஜிபி ரேமைத் தேடுவது மேல்.

உண்மையான போட்டி இரண்டு வகை கார்டுகளுக்கு இடையில்தான். ஒன்று, தனி மின் இணைப்பு வேண்டாத, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன கார்டு; நான் பொருத்திய 3050 6 ஜிபி இந்த வகைதான். மற்றொன்று, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கார்டு. நம் ஊர்ச் சந்தையில் அதற்கு எடுத்துக்காட்டு ஆர்எக்ஸ் 580.

பெரிய கார்டின் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580-இல் 8 ஜிபி நினைவகம் உண்டு, நொடிக்கு 256 ஜிபி வேகம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி-யில் அந்த வேகம் 168 தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டால் அதை ஈட்டும் மைனிங் தொழில் படுத்துவிட்டதும், இத்தகைய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. புதிய 3050-இன் விலையில் பாதிக்கும் குறைவாக ஒன்றை வாங்கிவிட முடியும். விளையாடும் வேகத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வகுப்புதான். கார்டின் விலையை மட்டும் பார்த்தால் 580 வெற்றி பெறுகிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கார்டை மட்டும் வாங்கி அதை ஓட்டிவிட முடியாது. இங்கேதான் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, வருகிறது. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுவே. எங்கள் டவரின் உள்ளே இருப்பது 260 வாட் எஸ்எம்பிஎஸ். ஐ5-8500 ப்ராசஸருக்கு 65 வாட், டர்போவில் அதற்கு மேலும் சிறிது. மதர்போர்டு, எஸ்எஸ்டி, மின்விசிறிகளுக்கு 30 வாட் என்று வைத்தாலும், 70 வாட் கார்டைச் சேர்த்த பிறகு தாராளமாக இடம் மிஞ்சுகிறது. ஆர்எக்ஸ் 580 தான் மட்டுமே 185 வாட் கேட்கும். கூட்டிப் பார்த்தால் 280 வாட், எஸ்எம்பிஎஸ்ஸின் உச்சத்தையே தாண்டிவிடுகிறது. போதாததற்கு, ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட் என்பதால் மிச்சத்துக்கு 8 பின் இணைப்பு வேண்டும். அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே பெரும்பாலும் கிடையாது.

அதற்குச் சில கடைகளில் சாட்டா இணைப்பை 8 பின்னாக மாற்றும் ஒரு சின்ன வயரை எடுத்து நீட்டுவார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஒரு சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கும் அளவு 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் இணைப்பு 150 வாட் வரை இழுக்க வடிவமைக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சாரம் அந்த மெல்லிய பின்கள் வழியாக ஓடும்போது பிளாஸ்டிக் உருகுவது வியப்புக்குரியதல்ல. அதிலும் ஆப்டிப்ளெக்ஸ் போன்ற கணினிகளில் சாட்டா மின்சாரம் மதர்போர்டு வழியாகவே வருவதால், கருகினால் வயரோடு நின்றுவிடாது.

ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: இந்தக் கணினிகளின் மதர்போர்டுகள் வழக்கமான 24 பின் இணைப்பை ஏற்பதில்லை, அந்தந்த நிறுவனத்துக்கென்று தனி இணைப்பு இருக்கும், அதற்கு மாற்று வயர் வாங்கவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் உடல் அளவும் பெட்டிக்குப் பொருந்துமா என்று அளக்கவேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு, விலை குறைவு என்று ஏதாவது ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீணாகும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். 450 என்று எழுதிய மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வரியில் 15 ஆம்பியர் மட்டும் இருந்தால், கார்டும் ப்ராசஸரும் பங்கிட்டுக்கொள்ளக் கிடைப்பது 180 வாட்தான். ஆர்எக்ஸ் 580-இன் தேவைக்கே அது போதாது. 12 வோல்ட்டிலேயே முழுத் திறனையும் தரும் நல்ல எஸ்எம்பிஎஸ், மாற்று வயர், கார்டு என்று கூட்டினால், முதலில் தெரிந்த விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

நம் வீடுகளில் யுபிஎஸ்ஸையும் கணக்கில் எடுக்கவேண்டும். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட் அளவில்தான். சின்ன கார்டு போட்ட கணினியும் மானிட்டரும் சேர்ந்தாலும் அது எளிதில் தாங்கும். கரண்ட் போனால் கேமை சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். பெரிய கார்டு முழுவேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால், பேட்டரி சற்றே பழையதாக இருந்தாலும் கணினி அப்படியே அணைந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதோடு, மலிவான யுபிஎஸ்களின் படிக்கட்டு அலை மின்சாரத்தைச் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஏற்காமல் அணைந்துபோவதும் உண்டு. மின்கட்டணத்தையும் பார்க்கலாம்: 115 வாட் வித்தியாசம், தினமும் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 20 யூனிட். தொகையாகப் பெரிதல்ல, ஆனால் ஏசி ஓடும் கோடையில் 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த 20 யூனிட்டுக்கும் பொருள் உண்டு. ஒரே ஒரு மின்விசிறி கொண்ட அலுவலகப் பெட்டிக்குள் 185 வாட் வெப்பத்தைச் சித்திரை வெயிலில் அடைத்துவைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் 580 தான் வேண்டும் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கார்டுக்குள் கணக்கிடும் சின்ன அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்றிருந்தால் அது முழு 580; 2048 என்றிருந்தால் திறனில் 570-க்கு ஒப்பானது. மைனிங்கில் ஓடிய கார்டாக இருந்தால் பயாஸ் மாற்றப்பட்டிருக்கவும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கவும் கூடும். கடையிலேயே கால் மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பத்தைக் கவனிப்பது நியாயமான கோரிக்கைதான். மறுக்கும் கடையில் வாங்கவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

மறுவிற்பனையிலும் சின்ன கார்டுக்கே என் வாக்கு. பெரும்பாலான பழைய அலுவலக டவர் கணினிகளில் அப்படியே செருகி ஓட்டலாம் என்பதால் அதை வாங்க ஆள் எப்போதும் இருக்கும். டிரைவர் ஆதரவும் விலையைப் பாதிக்கிறது. ஆர்எக்ஸ் 580 தலைமுறைக்கு ஏஎம்டி 2023-இலேயே புதுப்பிப்புகளைக் குறைத்துவிட்டது. என்விடியா 2025 அக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை நிறுத்திவிட்டது. ஆகவே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யை இன்று யாராவது நல்ல விலை என்று காட்டினாலும் நான் வாங்கமாட்டேன்.

சின்ன கார்டுகளுக்குள்ளேயும் கவனம் தேவை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உள்ளன: 8 ஜிபி வகை 130 வாட், தனி மின் இணைப்பு கேட்கும், 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி வகை 70 வாட். விற்பனைப் பக்கத்தில் இரண்டும் அருகருகே கிடக்கும், கார்டின் விளிம்பில் மின் இணைப்பு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதன் விலை 20,000 ரூபாய்க்குள் அடங்கும். எஃப்எஸ்ஆர் போலவே படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் உண்டு என்பதால், அதை ஆதரிக்கும் கேம்களில் கூடுதலாகச் சில ஃபிரேம்களும் கிடைக்கின்றன. அவ்வளவு முடியாதவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் நல்ல தேர்வுதான், 4 ஜிபி நினைவகம் என்ற எல்லையை ஏற்றுக்கொண்டால். அதிலும் சில மாடல்கள் 6 பின் இணைப்பு கேட்பவை. ஜிடி 1030 வாங்க நினைப்பவர்கள் டிடிஆர்4 வகையைத் தொடவே வேண்டாம். அதன் நினைவக வேகம் ஜிடிடிஆர்5 வகையின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

ஆர்எக்ஸ் 6400-ஐப் பற்றி எனக்கு இரண்டு மனம். 53 வாட்தான் எடுக்கிறது, சிறிய பெட்டிகளுக்கு அளவும் கச்சிதம். ஆனால் அது நான்கு பிசிஐஇ லேன்களை (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும் தடங்கள்) மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 உள்ள மதர்போர்டில் அது போதும். நம்முடைய எட்டாம் தலைமுறைக் கணினிகளோ 3.0. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பி, கேம் கணினியின் ரேமை நாடத் தொடங்கும்போது நொடிக்கு 4 ஜிபி என்ற குறுகிய வழியில்தான் தரவு வந்துசேரவேண்டும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை என்பதால், விளையாடுவதைப் பதிவுசெய்து யூடியூபில் போடும் பிள்ளைகளுக்கு அது ஏற்றதல்ல. எங்கள் வீட்டில் அந்த ஆசையும் இருந்ததால் அது பட்டியலிலிருந்து நீங்கியது.

இன்டெல் ஆர்க் கார்டுகளை நான் கையால் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆகவே அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத மதர்போர்டில் அவை வெகுவாகத் தளர்ந்துவிடுகின்றன என்பதையும், இன்டெலே பத்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினிகளைப் பரிந்துரைப்பதையும் வைத்து அவற்றைத் தவிர்த்தேன்.

டவருக்குப் பதிலாக ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அவற்றின் எஸ்எம்பிஎஸ் 200 வாட் அளவிலேயே இருக்கும். கார்டு லோ ப்ரொஃபைலாக, அதாவது உயரம் குறைந்ததாக, இருந்தாலொழிய மூடி மூடாது. ஜிகாபைட், எம்எஸ்ஐ இரண்டும் 3050 6 ஜிபி-யை அந்த உயரத்தில் விற்கின்றன, ஆனால் அவை இரண்டு ஸ்லாட் அகலம் கொண்டவை. சில பெட்டிகளில் பெரிய ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே அமைந்திருப்பதால் அந்த அகலம் நுழையாது. மூடியைக் கழற்றி, ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் புறப்படுங்கள். 4 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ஒற்றை ஸ்லாட் ஆர்எக்ஸ் 6400-ஐ, மேலே சொன்ன குறைகளோடு, ஏற்றுக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.