‘மேட்சிங் செட்’ ஸ்டீரியோ வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும் பெட்டி), ஸ்பீக்கர், சிடி பிளேயர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்த்த செட் என்று சொல்லி விற்கும் ஆன்லைன் கடை ஒன்றில் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொலைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, பணம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆடியோ சாமான் மட்டுமே விற்கும் தளம், பக்கம் முழுக்க மரப்பெட்டி ஸ்பீக்கர் படங்கள், ஓரத்தில் ‘நிபுணரிடம் பேசுங்கள்’ என்று ஒரு பட்டன். செட்டாக வாங்குவதா, கலந்து வாங்குவதா, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கலந்து வாங்குவதாகத்தான் இருந்தேன். ஒரு கம்பெனி ஆம்ப், வேறொரு கம்பெனி ஸ்பீக்கர். அதில் தப்பே இல்லை, ஹைஃபையில் ஊறிய பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சிடி பிளேயரிலிருந்து வருவது சுமார் 2 வோல்ட் லைன் சிக்னல், ஆர்சிஏ ஒயர் (சிவப்பு, வெள்ளை முனை வைத்த சாதாரண ஆடியோ ஒயர்) எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் ஒரே மாதிரிதான் சொருகும். உண்மையில் பொருத்தம் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில்தான்.

ஒரு சந்தேகம் கேட்கலாமே என்று அந்தப் பட்டனை அழுத்தினேன். பேசியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அறை எவ்வளவு நீளம், தரையில் விரிப்பு இருக்கா, சோபா சுவரை ஒட்டியா தள்ளியா, ராத்திரியில் சத்தம் குறைத்துக் கேட்பீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயலின்தான் அதிகம் கேட்பேன் என்றதும், “அப்போ ட்வீட்டர் கூர்மையா இருந்தா காது அசந்துடும் சார், உங்களுக்குத் துணி டோம் ட்வீட்டர்தான்” என்றார். ட்வீட்டர் என்றால் பெட்டிக்குள் உச்சஸ்தாயியைப் பாடும் குட்டி ஸ்பீக்கர். இதுவரை எந்தக் கடையிலும் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஸ்பீக்கர் “எத்தனை ஓம்?” என்று, அதாவது கரண்டுக்கு அது எவ்வளவு தடை காட்டும் என்று, நான் குறிப்பாகக் கேட்டேன். “8 ஓம் சார், பின்னாடியே போட்டிருக்கும்” என்றார். அப்புறம்தான் அந்த வசனம்: “கலந்து வாங்காதீங்க சார். நாளைக்கு ஏதாவதுன்னா ஆம்ப்காரன் ஸ்பீக்கரைக் கைகாட்டுவான், ஸ்பீக்கர்காரன் ஆம்பைக் கைகாட்டுவான். செட்டுன்னா ஒரே போன், ஒரே ஆளு, நான் இருக்கேன்.” இரண்டு மாதச் சம்பளம் அந்த ஒரு வாக்கியத்தில் போனது.

பெட்டி வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் உள்ளே ‘டிக்’ என்று ரிலே (தானாக அணைக்கும் சுவிட்ச்) விழும், முகப்பில் சிவப்பு விளக்கு சிமிட்டும், பாட்டு நின்றுவிடும். ஆம்பின் மேல்மூடியில் கை வைக்க முடியாத சூடு. ஆறினால் மறுபடி பாடும், மறுபடி ‘டிக்’. ஆம்ப் நின்றால் சிடி பிளேயரும் சேர்ந்து செத்துவிடும், ஏனென்றால் அதற்குத் தனி மின் ஒயரே கிடையாது, ஆம்பிலிருந்து ஒரு பட்டை ஒயர் வழியாகத்தான் கரண்ட் எடுக்கிறது. ஆர்சிஏ துளையும் இல்லை. அதாவது அதை வேறு எந்த ஆம்போடும் சேர்க்க முடியாது. இவர்கள் சொன்ன பொருத்தம் இதுதான்.

ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் வந்தார். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தார், 3.3 ஓம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் 6, 7 பக்கம் வர வேண்டும். 3.3 வந்தால் அது 4 ஓம் ஸ்பீக்கர். மனுஷன் ஒன்றும் பேசாமல் ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளி நிற ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் நெம்பினார். மேலே கடையின் சொந்த பிராண்ட் பெயரும் ‘8 ஓம்’ என்ற எழுத்தும். அடியில் மரத்தோடு ஒட்டிய பழைய லேபிளில் வேறு கம்பெனி பெயர், ‘4 ஓம்’. ஆம்பின் முதுகில் ‘குறைந்தது 8 ஓம்’ என்று அச்சடித்தே இருக்கிறது. ஓம் பாதியானால் ஆம்ப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் தள்ள வேண்டும், அதற்கான தெம்பு இதற்கு இல்லை, அதனால் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. எவனோ தயாரித்த ஸ்பீக்கரையும் வேறு எவனோ தயாரித்த ஆம்பையும் ஒரே ஸ்டிக்கர் ஒட்டிச் செட்டாக்கியிருக்கிறார்கள். கலந்து வாங்காதே என்று என்னிடம் சொன்னவர்கள் கலந்துதான் விற்றிருக்கிறார்கள், அதுவும் தப்பாகக் கலந்து!

விளம்பரத்தில் போட்டிருந்த ‘1000 வாட்’ கதை வேறு. அது பிஎம்பிஓ வாட், ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லும் உச்சம், வெறும் விளம்பரக் கணக்கு. ஆம்பின் பின்தகட்டில் மின் நுகர்வு 90 வாட் என்று இருக்கிறது. 90 வாட் எடுத்துக்கொள்ளும் பெட்டி 1000 வாட் எங்கிருந்து கொடுக்கும்?

இனி அலைக்கழிப்பு. முதலில், “புது செட் சார், 100 மணி நேரம் ஓடினா செட் ஆகிடும்.” ஓடினால்தானே ஐயா ஓட்டுவதற்கு! அடுத்து, உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை. அதற்கும் அடுத்து, ஒயர் சரியில்லை, எங்களிடம் ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு ஒயர் இருக்கிறது, சலுகை விலையில் தருகிறோம் (புகார் சொன்னவனிடமே வியாபாரம்). ஸ்டிக்கர் படத்தை அனுப்பிய பிறகு தொனியே மாறிவிட்டது. “ஸ்பீக்கர் வேற தயாரிப்பாளர் சார், வாரண்டிக்கு அவங்களைத்தான் பிடிக்கணும்.” சரி, ஸ்பீக்கரை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், “செட்டைப் பிரிச்சுத் திருப்ப முடியாது சார்.” முழுச் செட்டையும் திருப்பித் தருகிறேன் என்றால், “சீல் உடைச்சிட்டீங்களே.” சீலை உடைக்காமல் பாட்டுக் கேட்பது எப்படி என்று அந்த நிபுணரிடமே கேட்கலாம் என்றால், ‘ஒரே ஆளு’ இப்போது லைனுக்கே வருவதில்லை. புகாரைத் திறந்து பார்த்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை எழுத்து. யாருக்குத் தீர்ந்தது? என் இரண்டு மாதச் சம்பளம்தான் தீர்ந்தது. விற்கும்போது செட், புகார் என்று வந்தால் தனித்தனி, பணம் திருப்பிக் கேட்டால் மறுபடி செட்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கான பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். ஒரே கம்பெனி பெயர் இருந்தால் பார்க்க அழகு, ஒரு ரிமோட் போதும், மற்றபடி அது பொருத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆம்பின் குறைந்தபட்ச ஓமையும் ஸ்பீக்கரின் ஓமையும் நீங்களே படித்துப் பாருங்கள், பெட்டி வந்த அன்றே மீட்டர் வையுங்கள். ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) மட்டும் கேளுங்கள், அதையும் எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று கேளுங்கள், 10 சதவீதம் என்றால் நகர்ந்துவிடுங்கள். ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டியை (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கை) விடாதீர்கள், 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க நாலு மடங்கு வாட் வேண்டும். டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) வைத்திருப்பவர்கள் ஆம்பில் அதற்கான ஃபோனோ உள்ளீடு உண்டா என்று பாருங்கள், டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் சாதாரண ஆக்ஸ் துளையில் சொருகும்போது கொசு ரீங்காரம்தான் வரும். பட்டை ஒயரில் கரண்ட் எடுக்கும் பிளேயர் பக்கமே போகாதீர்கள்.

போனில் சொன்னதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திருப்பி வாங்குவது) கேட்கலாம், கெடு தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இன்று காலை இரண்டு ஸ்டிக்கர் படங்களையும் வைத்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இதேபோல் செட் வாங்கிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வங்கியில் என்ன காகிதம் கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள்.