சைக்கிளுக்கு பின்னால பூட்டுற சிவப்பு லைட், புள்ளைகளுக்கு கட்டாயம் வாங்கிக் குடுங்க

மட்டக்களப்பு டவுண்ல ஒரு சைக்கிள் கடையில மகளுக்கு வாங்கினன், டியூசன் முடிஞ்சி பொழுதுபட்டாப்புறம் கல்லடியில மெயின் றோட்டக் கடந்துதான் அவ வரோணும், கல்முனை பஸ்ஸெல்லாம் அதுல என்ன வேகத்துல வரும் எண்டு தெரியும்தானே. வெறும் ரிஃப்ளெக்டர் வாகன வெளிச்சம் பட்டாத்தான் மினுங்கும், இது தானா விட்டு விட்டு எரியுது, தூரத்துலயே விளங்குது. போன் சார்ஜராலயே ஏத்தலாம். ரப்பர் பட்டிதான் சரியில்ல, கிறவல் றோட்டுல குலுங்கி கீழ பாத்து தொங்கிருது, நான் சீட்டுக் கம்பியோட பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கிட்டன், ஸ்கூல் பேக் மறைக்காம பாத்து பூட்டுங்க. ஆக்கள் றோட்டக் கடக்கிற மஞ்சள் கோட்டுல சைக்கிள உருட்டிக்கொண்டு கடக்கக்குள்ள பக்கத்தால வாறவனுக்கு இந்த லைட் வடிவா தெரியாது, அதுக்கு சில்லுக் கம்பியில ரிஃப்ளெக்டரும் போடோணும், ரெண்டையும் சேத்தே வாங்குங்க.